காற்று எந்தப் பக்கம்

இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
நண்டுக் கம்பெனியில் இரவு எடை எழுதிய
ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் கூடுதல் கூலி.
இதற்குள் ஒரு கூலர் வேண்டும், ஒரு ஹெட்செட்டும்.
இரண்டும் என்றால் இரண்டும் மட்டம்.
ஒன்று என்றால், எது?

தங்கச்சிமடத்தில் மே மாதம்.
தகர ஷீட்டுக்குக் கீழே என் கம்ப்யூட்டர்
தொண்ணூற்று நாலு டிகிரியில் மூச்சு வாங்குகிறது.
மேட்ச் முடியும் நேரம் பார்த்துத்
திரை தத்தித் தத்தி நடக்கும்.
எதிராளி கதவைத் திறந்துவிட்டான்,
நான் இன்னும் போன நொடியிலேயே நிற்கிறேன்.

பழைய ஹெட்செட்டில் வலது காது செத்துப் பல நாள்.
வலப்பக்கமிருந்து வருகிறவர்களுக்கெல்லாம்
கால் கிடையாது.
கீழக்கரையிலிருந்து ஷஃபாத் கேட்பான்:
"ரொவினா, உன் மைக்குல என்ன, போட்டு என்ஜினா?"
என்ஜின் இல்லை, ஃபேன்.
சூடு ஏற ஏற அது கத்தும்.
அது கத்தக் கத்த நானும் கத்துவேன்.
அடுத்த வீட்டு பிரிட்டோ அண்ணன்
நாட்டுப் படகுக்காரர்,
தடைக்காலத்திலும் மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர்,
சுவரைத் தட்டுவார்.
இரண்டு தட்டு. மூன்றாவது கிடையாது.

ராமநாதபுரம் கேணிக்கரைக் கடையில்
கண்ணாடிக்குள் வரிசையாக விளக்கெரியும் கூலர்கள்.
"ஆயிரத்து எழுநூறு மேடம். கலர் மாறும்."
கலர் மாறினால் சூடு குறையுமா?
"பாக்கக் குளுமையா இருக்கும்ல."
தண்ணீர் ஓடுகிற ஒன்றையும் காட்டினார், ஐயாயிரம்.
எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளைக்கொரு தரம்தான் தண்ணீர்.
இதை வாங்கினால் குடத்தோடு வந்து நிற்பார்கள்.

பெட்டிகளின் முதுகைப் படித்தேன்.
எத்தனை சுற்று, எத்தனை டெசிபெல், என்ன பேரிங்.
ஏழு புள்ளி ஒன்று ஒலி என்றது
எழுநூறு ரூபாய் ஹெட்செட் ஒன்று.
எனக்கு இருப்பது இரண்டு காது.
உப்புக்காற்றில் எத்தனை வருஷம் தாங்கும் என்று மட்டும்
எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை.

ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினேன்.
பாம்பன் பாலத்தில்
இரண்டு பக்க ஜன்னலும் திறந்து கிடந்தது.
ஒரு பக்கம் நுழைந்த கச்சான்
முன் சீட்டுக்காரர் மடியிலிருந்த பேப்பரைத் தூக்கி
மறுபக்கம் கடலில் போட்டுவிட்டுப் போனது.
அவர் திட்டினார்.
நான் என் பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து
வலை நூல் ஒரு இழை எடுத்து
பின்பக்க ஃபேனுக்கு நேரே பிடித்தேன்.
வெளியே தள்ள வேண்டிய ஃபேன்.
நூல் உள்ளே இழுபட்டது.

சேர்த்துக் கொடுத்த புண்ணியவான் திருப்பி மாட்டியிருக்கிறான்.
முன்னாலும் உள்ளே, பின்னாலும் உள்ளே,
சூட்டுக்குப் போக வழியே இல்லை.
ஒன்றரை வருஷம்.
ஒன்றரை வருஷமாக நான் மின்வாரியத்தைத் திட்டியிருக்கிறேன்.

நாலு திருகு. மூன்று வந்தன.
நாலாவதில் துரு; தலை மட்டும் கையோடு வந்தது.
ஃபேனைத் திருப்பி மாட்டி மூன்றிலேயே நிறுத்தினேன்.
பழைய பெயின்ட் பிரஷ்ஷால்
தகட்டிடுக்கில் படிந்த வெள்ளையைத் தட்டினேன்,
தரையில் விழுந்ததை எறும்புகூடச் சீண்டவில்லை.
நூற்றைம்பதுக்குப் பேஸ்ட். அறுபதுக்குக் கொசுவலைத் துண்டு.
தூசிக்கு வலை உண்டு,
உப்புக்கு இல்லை.

எண்பத்தொன்று.

அடுத்த வாரம் ஹெட்செட் வாங்கினேன்,
ஆயிரத்து அறுநூற்றைம்பது.
விளக்கு இல்லை, தடித்த வயர்,
பஞ்சு நைந்தால் பஞ்சை மட்டும் மாற்றலாம்.

அன்று ராத்திரி
வலப்பக்கம் மரப்படியில் கால் வைத்தது யாரோ.
ஒருவர் இல்லை, இரண்டு பேர்,
ஒருவன் தயங்குகிறான்.
அவர்கள் திரும்புமுன் நான் திரும்பிவிட்டேன்.
ஷஃபாத் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்,
"லைன்ல இருக்கியா? என்ஜின் சத்தமே காணோம்."

காலையில் பிரிட்டோ அண்ணன் வாசலில் நின்றார்.
"ராத்திரி மூணு தட்டுத் தட்டினேன்" என்றார்.

மீதி ஐந்நூற்று நாற்பது இருக்கிறது.
சுவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கிறேன்.