காயம் நேர்ந்த விதம்

படிவத்தில் ஒன்பதாம் கட்டம் அது.
இரண்டு விரல் அகலம் விட்டிருக்கிறார்கள்.
பதினேழு வருஷமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
பந்தோடு ஓடும்போது. பந்தே இல்லாதபோது.
கோல் அடித்துவிட்டுக் குதித்த குதியில், ஒருமுறை.
மகனுக்கு உதைத்துக் காட்டப்போன
ஐம்பது வயது வங்கி மேலாளர்.

எலும்பு வைத்தியம் படிக்கக் கேட்டபோது
சுத்தியலைத் தூக்குவியாம்மா என்றார்கள் கோயம்புத்தூரில்.
தூக்கினேன்.
லாரி முறித்த தொடைகளில் ஐந்து வருஷம் ஆணி அடித்தேன்.
பிறகு இந்தத் தீவுக்கு வந்து
இரண்டு துளை, ஒரு கேமரா, உப்புத் தண்ணீர் என்று
சத்தம் குறைந்த வேலைக்கு மாறினேன்.
முகங்கள் மறந்துவிடுகின்றன.
மனாமா சூக்கில் யாராவது "டாக்டர், நான்தான்" என்று சிரித்தால்
பேன்ட்டைச் சுருட்டச் சொல்லலாமா என்று தோன்றும்.

முத்திருளாண்டி ஒரு சனிக்கிழமை வந்தார்.
சாரம் கட்டுகிறவர். வயது முப்பத்தொன்று.
இடது முழங்கால், பலாப்பிஞ்சு கணக்காக.
பக்கத்தில் ஃபோர்மேன்.
"சாரத்துலேர்ந்து விழுந்துட்டேங்க."
எவ்வளவு உயரம்?
ஃபோர்மேனைப் பார்த்தார்.
"ஒரு ஆள் உயரம்."

உள்ளங்கையில் கீறல் இல்லை.
விழுகிறவன் கையைத்தான் முதலில் கொடுப்பான்.
விரலிடுக்கில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை.
டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி
சல்மாபாத் பொட்டலில் வெள்ளிக்கிழமைதோறும்
ஐந்து மணிக்கே தொடங்கிவிடுவார்கள், வெயிலுக்கு முந்தி.

எம்ஆர்ஐ படத்தில்
மேலெலும்பும் கீழெலும்பும் இடித்துக்கொண்ட இடத்தில்
வெள்ளையாய்ப் புகை.
நடுவில் இருக்கவேண்டிய கயிறு இல்லை.
இது விழுந்த கால் இல்லை.
ஓடி வந்து, வீசி, ஊன்றி,
தன் பந்தைத் தானே பிடிக்கத் திரும்பிய கால்.
ஃபோர்மேன் போனோடு வெளியே போன நேரத்தில்
"பிடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.
கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"பிடிச்சிட்டேங்க."

வேலையில் விழுந்தால் அவர் கம்பெனி கட்டும்.
விளையாட்டில் விழுந்தால்
டிக்கெட் எடுத்துக் கையில் கொடுக்கும்.

ஒன்பதாம் கட்டத்தில் எழுதினேன்:
இடது கால் ஊன்றியிருக்க, உடல் திரும்பியது.
திருப்பி அனுப்பினார்கள். சிவப்பு மையில்:
எங்கே?
முழங்காலில், என்று எழுதினேன்.

பதினோராம் நாள் ஒப்புதல் வந்தது.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.
அதே வாரம் கிளப் பையன் ராஷிதுக்கும் அதே கயிறு.
அவனுக்கு ஒப்புதல் போனிலேயே வந்தது,
ராத்திரி ஒரு மணிக்கு, மூன்று பேர் மாறி மாறி.
கிளப் அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியை
வார்டில் பிரித்து வைத்துவிட்டு வந்தேன்.

காயம் என்றால் தமிழில் உடம்பும்தான்.
உடம்பு நேர்ந்த விதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
தொடைக்குப் பின்னாலிருந்து உருவிய தசைநாரை
நாலாக மடித்துக்கொண்டே
இதை மரிசெல்லுக்கு விளக்க வாயெடுத்தேன்.
"நாற்பத்திரண்டு நிமிஷம், டாக்டர்" என்றாள்,
கடிகாரத்தைப் பார்த்து.
நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன்.
கட்டைவிரலின் அடிமூட்டு சுருக்கென்றது.
அது தேய்ந்துவிட்டது என்று தெரியும்.
படம் எடுக்கவில்லை. எடுத்தால் படிவம் வரும்.

"ஒன்பது மாசம் ஓடக் கூடாது" என்றேன்.
விசாவில் ஏழு மாசம் பாக்கி.
எப்போது சாரம் ஏறலாம் என்று கேட்பார்,
பதில் தயாராக வைத்திருந்தேன்.
"பௌலிங் எப்பங்க?"

நான்காம் மாசம், ஒரு வெள்ளிக்கிழமை.
காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்காமல் பார்த்தேன்.
அம்பயராக நிற்கிறார்.
இரண்டு காலிலும் எடை சமமாக. சந்தோஷம்.
ஒரு பந்துக்கு ஒரு பேரீச்சங்கொட்டை,
இடது பையிலிருந்து வலது பைக்கு.

அந்த ஓவரில் ஏழு பந்து போட்டார்கள்.
நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.