முதுசொம்

இருபத்திரண்டு வருஷமாய் உறுதி எழுதுகிறேன்.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே வாய்க்கால்,
தெற்கே சின்னத்தங்கத்தின் உரித்தாளர்,
மேற்கே பனை நின்ற வெறுங்காணி.
நாலெல்லை தெரியாமல்
ஒரு குழி நிலமும் என் மேசையைத் தாண்டியதில்லை.

இன்று என் தலையை அளந்தார்கள்.

உலோகம் ஏதும் இருக்கா என்று யூட் கேட்டான்.
தாலியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன்.
"உள்ளுக்கை, அக்கா?
ஷெல் துண்டு இருந்தால் இதுக்குள்ளை விட ஏலாது.
இஞ்சை கனபேருக்கு இருக்கு."
எனக்கு இல்லை.
எனக்கு உள்ளே கிடப்பது
காந்தம் இழுக்காத சாமான்.

குழாய்க்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.
யாரோ தோட்டத்தில்
நீரிறைக்கும் மெஷினை இழுத்து இழுத்து விடுகிற சத்தம்,
பிடிக்காமல், பிடித்து, நின்று, திரும்பவும்.

மூன்று கிழமைக்கு முன்னமே இரத்தம் சொல்லிவிட்டது:
இரண்டில் ஒன்று நான்காம் வகை.
ஆர் தந்தது என்று சொல்லவில்லை.
முதுசொம், சீதனம், தேடிய தேட்டம்,
சொத்துக்கு மூன்று பேர் வைத்திருக்கிற ஊரில்
இதை எந்தத் தோம்பில் பதிவது?
நொத்தாரிசு இல்லை. சாட்சிக்கு இரண்டு பேர் இல்லை.
அறுதியாய் விற்க ஏலாது, ஈடு வைக்க ஏலாது,
வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் ஏலாது.

ஒஸ்லோவிலிருந்து தம்பி சொன்னான்:
"நான் பாக்கமாட்டன். தெரிஞ்சு என்ன செய்யிறது?"
சரிதான்.
ஆனால் அவன் அந்தப் பின்னேரம் இங்கே இல்லை.
முத்திரைச் சந்தியில்,
தூக்கிப் பத்து வருஷமான சென்றிக்கு முன்னால்
அடையாள அட்டையை நெஞ்சளவுக்கு உயர்த்தியபடி
அப்பா நின்றார்.
மினிபஸ்கள் கோன் அடித்து
அவரைச் சுற்றிப் போயின.
கையைப் பிடித்தேன்.
"வரிசையிலை நில்லு பிள்ளை" என்றார்.
நின்றேன்,
அவர் முறை வரும் வரைக்கும்.

டொக்டர் நிரோஜினி படத்தைத் திருப்பிக் காட்டினா.
சாம்பல் நிறத்தில், காதுக்கு உட்புறமாய்,
வால் சுருட்டிய ஒரு சின்னச் சாமான்.
கடற்குதிரை என்றுதான் அதற்குப் பேராம்.
இடப்பக்கம் மூன்று தசம் ஐந்து மில்லிலீற்றர்,
வலப்பக்கம் கொஞ்சம் கூட.
"வயசுக்குச் சரியா இருக்கு" என்றா.
பிறகு, கேளாமலே:
"நான்கு உள்ள சுகதேகிகள் ஆயிரம் பேரைச் சேர்த்தால்
மெல்லிய குறைவு தெரியலாம்.
சில ஆய்விலை அதுவும் இல்லை."
ஒருவரில்?
"ஒருவரிலை ஒண்டும் சொல்ல ஏலாது."

எனக்கு அது பிடிபட்டது.
சராசரிக்கு நாலெல்லை இல்லை.
ஆயிரம் பேரின் காணியை ஒன்றாய் அளந்துவிட்டு
என் வேலி எங்கே என்று கேட்டால்
எந்த நில அளவையாளனும் குடையை மடக்கிக்கொண்டு போய்விடுவான்.

யூட் குருநகர்ப் பெடியன்.
படலை வரைக்கும் கதைத்துக்கொண்டு வந்தான்.
"கடற்குதிரை எங்கடை வலையிலை வரும், அக்கா.
அப்பா அதுகளைத் தண்ணிக்குள்ளை திரும்ப விட்டிடுவார்.
சிலது அப்பிடியே கயித்தைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு
போகமாட்டன் எண்டு நிக்கும்."

வெயில். பன்னிரண்டரை.
ஸ்கூட்டியைக் காணவில்லை.
வேம்பின் கீழ் விட்டேன். விட்டேனா?
வேம்பின் கீழ் வேறு ஆரோவின் மோட்டார் சைக்கிள்.
திறப்பு உள்ளங்கையில் வியர்த்தது.
இதுதானா, இப்படித்தானா தொடங்கும்,
கச்சான் விற்கிறவனும் ஓட்டோக்காரனும் பார்த்துக்கொண்டிருக்க?
இலக்கத்தை மனதில் சொல்லிப் பார்த்தேன்.
வந்தது.
தம்பியின் பிறந்த திகதி, வந்தது.
கடைசியாய் எழுதிய உறுதியின் கிழக்கெல்லை
வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.

காவலாளி சிரித்தான்.
"அம்மா, நீங்கள் வந்தது அங்காலை வாசலாலை."

அங்காலையும் ஒரு வேம்பு.
ஸ்கூட்டி விட்ட இடத்திலேயே நின்றது,
இருக்கை நிறைய
அது பாட்டுக்கு உதிர்த்த பூ.
தட்டிவிட்டு ஏறினேன்.
இரண்டு மணிக்கு ஒரு அறுதி உறுதி இருக்கிறது.
தாலி இன்னும் பைக்குள் கிடக்கிறது என்பது
கச்சேரியடி தாண்டித்தான் ஞாபகம் வந்தது.