குலுக்காமல்

கேரளா பஸ்ஸிலிருந்து இறங்கி
தமிழ்நாட்டுத் தரையில் விழுந்தேன்.
களியக்காவிளையில் அது ஒரே எட்டுதான்.
வலது மணிக்கட்டில் மயிரிழை முறிவு என்று
பாறசாலை டாக்டர் மலையாளத்தில் சொன்னார்,
ஆறு வாரம் என்பதை மட்டும் தமிழில்.

மாடிப்படிக்கு அடியில் பதினாலு தேங்காய்.
உரித்துப் போட்டுவிட்டுப் போனவன்
துருவித் தருகிறேன் என்று சொல்லவில்லை.
முறியை ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை திருப்ப வேண்டும்.
என்னிடம் இருப்பது ஒன்றேகால்.

மறுநாள் ஈஸ்டர்.
ஆப்பமாவு பானை விளிம்புக்கு வந்துவிட்டது.
இஷ்டுக்குப் பால் வேண்டும்.

அப்படித்தான் போய் நின்றேன்
இத்தனை தென்னைக்கு நடுவே
தேங்காய்ப்பால் விற்கிற அலமாரி முன்னால்,
மெடிக்கல் ஷாப்பில் சிலதைக் கேட்க
ஆள் போகட்டும் என்று நிற்பதுபோல.

டின்: நானூறு மில்லி, நூற்றெழுபத்தைந்து ரூபாய்.
கடல் தாண்டி வந்தது. எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாய்,
அதன்மேல் கோணலாக ஒட்டிய விலை.

அட்டைப்பெட்டி: இருநூறு மில்லி, எழுபத்தெட்டு.
மலையாளத்தில் எழுதியிருந்தது.
எனக்கு வாசிக்க வரும், எழுத வராது;
இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான்.
நன்றாகக் குலுக்கவும் என்றது.

இரண்டு பெட்டி வாங்கினால் பத்தொன்பது ரூபாய் மிச்சம்.
சீட்டுப் பிடிக்கிறவள் நான்,
வேண்டாம் என்றாலும் கணக்கு ஓடும்.

ஆனால் இஷ்டு ஒரு பாலில் ஆகிற காரியம் இல்லை.
உருளைக்கிழங்கு வேக இரண்டாம்பால்.
இறக்கி, கொதி அடங்கியதும் முதல்பால்.
பெட்டிக்குள் எது எப்போது பிழிந்தது?
கேட்டால் குலுக்கு என்கிறது.

பில் போடுகிற ஷெர்லினுக்கு
மஸ்கட்டில் சமைக்கிற ஒரு சித்தி உண்டு.
"அக்கா, டின்னை எடுங்க.
ராத்திரி ஃபிரிட்ஜில அசைக்காம வச்சா
கெட்டி மேல நிக்கும், தண்ணி கீழ எறங்கும்.
ரெண்டு பாலும் உள்ளதான் கெடக்கு."

அதற்குள் நான்
காதருகே வைத்து ஆட்டிவிட்டிருந்தேன்,
காய் வாங்குகிற கை சும்மா இருக்காது.
சத்தமே இல்லை.

விஜுகுமாரின் ஆட்டோ.
குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணால் மூடிய ரோடு.
மடியில் டின், டின்மேல் மாவுக்கட்டு.
பைய போ, பைய போ என்றேன்.
கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்,
பாவம், சாக்கடைப் பலகையை
ஒரு குழந்தையைத் தாண்டுவதுபோலத் தாண்டினான்.

விடிகாலை நாலரை.
கல்லறைக் கல் புரட்டப்பட்டிருந்தது என்று
சர்ச் மைக்கில் வாசிக்கிறார்கள்.
என் டின்னின் மூடி புரளவில்லை.
முழங்கால்களுக்கிடையே இடுக்கி
இடது கையால் ஒரு இழு,
வளையம் மட்டும் கழன்று
விரலில் நின்றது.
நாற்பத்தாறு வயதில் முதல் மோதிரம்.
சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

பிறகு டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து
வெட்டுகத்தியின் முனையால் ஒரு குத்து.
காற்று போக இன்னொன்று.
மூன்றாவது எதற்கென்று தெரியாது,
தேங்காய்க்கு மூன்று என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

சரித்தபோது
உருளைக்கிழங்கின்மேல் இறங்கியது
நீர்த்த வெள்ளை, இரண்டாம்பால்,
தன் முறை தெரிந்து.

முதல்பால் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.
இந்த மூன்று கண்ணில் எதிலும் அது வராது.
கிழங்கு வேகட்டும், அதற்குள் யோசிக்கலாம்.

டின்னைக் காதருகே வைத்து ஆட்டினேன்.
அடியில் மிச்சமிருந்த கொஞ்சம் தளும்பியது,
சரி, இதை எடுத்துக்கொள்கிறேன் என்று
கடைக்காரனிடம் நீட்டுகிற சத்தம்.