அஞ்சூறு கூட்டி

விடியக்காலமை வவுனியா பஸ் வந்து நிண்டால்
முதல் வாற கால் என்ர மேசைக்குத்தான்.
இருவது ரூவா.
மாரியில ஈரத்தாளும் வாங்குவன்.

போன கிழமை சபையில இருந்து ஒருத்தர்
லமினேற் பண்ணின கடதாசியொண்டைச்
சுவரில அறைஞ்சிட்டுப் போனார்.
உபவிதி, பிரிவு நான்கு:
பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டோர் இப்புறம்,
ஆண் எனப் பதியப்பட்டோர் அப்புறம்.
ஐயம் எழுமிடத்துப் பொறுப்பாளர்
அடையாள அட்டையைப் பார்வையிடலாம்.

பொறுப்பாளர் எண்டால் நான்.
றெஜினா, குருநகர், எட்டாம் வகுப்பு.

அட்டையில எங்க பாக்கிறது எண்டு கேட்டன்.
பிறந்த வருசத்துக்குப் பிறகு வாற மூண்டு இலக்கம்
அது எத்தினையாவது நாள் எண்டதாம்.
பொம்பிளையெண்டால் அஞ்சூறு கூட்டியிருக்குமாம்.
அண்டைக்கு இரவு என்ர அட்டையை எடுத்துப் பாத்தன்.
ஓம், கூட்டித்தான் கிடக்கு.
நாப்பத்தொன்பது வருசமா
இந்தக் கணக்குத் தெரியாமல் பொம்பிளையா இருந்திருக்கிறன்.

பயம் பொய்யெண்டு சொல்லமாட்டன்.
போன வருசம் ஒருத்தன் பின்மதிலால ஏறி
போனை நீட்டினவன்.
டியூசன் பெட்டையொண்டு என்ர மடியில கிடந்து நடுங்கினது.
அவன் கதவால வரேல்லை.
மதிலை உயத்தித் தாங்கோ எண்டு நாலு கடிதம் குடுத்தன்.
மதில் அப்பிடியே நிக்குது,
கடதாசி வந்திருக்கு.

கண் தெரியாத தேப்பனைக் கைபிடிச்சு வாற மகளுக்கு
எந்தக் கதவெண்டு அதில இல்லை.
எனக்கெண்டும் இல்லை.
வாளியும் தும்புக்கட்டையுமா
ஆம்பிளையளின்ர பக்கம் நாளுக்கு ஆறுதரம் போறன்,
ஆரும் அட்டை கேட்டதில்லை.
கழுவிறவளுக்கு இலக்கம் தேவையில்லைப் போல.

இண்டைக்கு அவா வந்தா.
மாங்காய்ப் பச்சைச் சேலை, கையில மேக்கப் பெட்டி.
கோண்டாவிலில கலியாணவீடு,
பொம்பிளை வெளிக்கிடுத்தப் போறாவாம்.
பின்னுக்கு நிண்டவள்
"அக்கா, அட்டையைப் பாருங்கோ" எண்டாள்.
நான் கேக்க முதல் அவாவே எடுத்து வைச்சா.
தொண்ணூத்தாறு. நூத்தி நாப்பத்தஞ்சு.
ரண்டுபேரும் குனிஞ்சு அதையே பாத்துக்கொண்டு நிண்டம்.

பிறகு பையைத் திறந்து
அஞ்சூறு ரூவாத் தாளொண்டை
அட்டைக்கு மேல வைச்சா.
சிரிச்சாவோ தெரியேல்லை.

"மாத்தின காசில்லைப் பிள்ளை. வரேக்க தாங்கோ."
என்ர கை இப்புறம் காட்டிச்சுது.
வாய் ஒண்டும் சொல்லேல்லை.
பின்னுக்கு நிண்டவள் தன்ர இருவதைத் திருப்பி வாங்கிக்கொண்டு
பஸ்ஸுக்கு நேரமெண்டு போயிட்டாள்.
அவளிலயும் எனக்குக் கோவமில்லை.

பத்து மணிக்குத் தாங்கியில தண்ணி முடிஞ்சுது.
ரண்டு பக்கமும் பூட்டு.
பின்னேரம் அவா திரும்பி வந்தா,
விரல்நுனியில ஆற்றையோ குங்குமம்.
"பூட்டியிருக்கு" எண்டன்.
"தெரியும். கடன்" எண்டு
ரண்டு பத்து ரூவாக் குத்தியை மேசையில வைச்சிட்டு
பஸ்ஸைப் பாத்து ஓடினா.