கைப்பாதம்

சோமேஷ்வரில் தீபாவளிக்கு முந்தைய மாலை.
காவி மெழுகிய தரை இன்னும் ஈரம்,
விளக்கேற்றும் முன் ஐபண் போட்டாக வேண்டும்.
ஹன்சா போரா
அரைத்த அரிசிமாவில் முஷ்டியை முக்குகிறாள்.

காலையில் சாராயக்கடை ஷட்டருக்கு எதிரே
பதினோராம் நாளாய் உயர்ந்த அதே முஷ்டி.
நகக்கண்ணில்
போஸ்டர் ஒட்டிய பசை போகவேயில்லை.

பக்கவாட்டில் பதித்தால் உள்ளங்கால்.
விரல்நுனியால் ஐந்து புள்ளி.
அவ்வளவுதான்,
லட்சுமிக்குக் கால் முளைத்துவிடுகிறது,
கைக்குழந்தையின் கால் அளவில்.

வாசலிலிருந்து உள்ளே. உள்ளே மட்டும்.
திரும்பிப் போகும் பாதத்தை
இந்த ஊரில் எவளும் போட்டதில்லை.

சாமி மாடத்துக்கு மூன்றடி இருக்கையில்
மாவு தீர்ந்தது.
கிண்ணத்தை வழித்துப் பார்த்தாள்.
"மிச்சத்தை நடந்துக்கோ தாயே,
நானும் எட்டு கிலோமீட்டர் நடந்துதான் வந்தேன்."

தீவான் வரும்போது மணி ஒன்பது.
செருப்பைக் கையில் பிடித்தபடி
நிலைப்படிக்கு வெளியே நிற்கிறான்.
"எங்கே கால் வைக்கிறது?"

அவள் திரி உருட்டுவதை நிறுத்தவில்லை.
"சுவரோரமா ஒரு சாண் விட்டிருக்கேன்.
நேரா நடக்க முடிஞ்சா வா."