சுண்டுவிரல்

பேராதனையில் இரவு முழுக்க மழை.
தொண்ணூற்றாறு குழித் தட்டைக் கழுவிக்
கவிழ்த்துத் தட்டினேன், மூன்று தரம்.
போகாதது போகவில்லை.

நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில்
யாரோ ஒருவரின் சிறுநீர்க் குழாயிலிருந்து வந்தவை.
பெயர் தெரியாது. முப்பத்தேழாம் மாதிரி.
ஐந்து வகை மருந்து கொடுத்தார்களாம்.
காய்ச்சல் இறங்கும், மருந்து முடியும்,
காய்ச்சல் ஏறும்.

பீலிக்கரைக் கல்லில் நின்றவளுக்கு
இதைப் படம் போட்டுக் காட்டவேண்டாம்.
ஞாயிறு தேங்காய்ப் பொச்சால் தேய்த்தால்
வியாழனுக்குள் வழுக்கல் திரும்பிவிடும்.
எட்டு வயதில் வாளியோடு விழுந்து
முன்பல் போனது அங்கேதான்.
அந்த வழுக்கலுக்குள் ஆட்கள் இருப்பது
கெம்பஸ் வந்த பிறகுதான் தெரியும்:
தாமே சுரந்த பசையில்
தாமே நூற்ற புரத நாரைக் கோத்து,
சுவர் எழுப்பி, வாய்க்கால் விட்டு,
மருந்து வந்து திரும்பிப் போகும்வரை
உள்ளே பசியைச் சுருட்டிக்கொண்டு கிடப்பவர்கள்.

கொல்லும் மருந்து தேடவில்லை நாங்கள்.
கொல்லப் போனால் தப்பிய ஒன்று படித்துக்கொள்ளும்.
அந்த நாரில் ஒரு மடிப்பு,
கொக்கிபோல் வளைந்த இடம்,
அதில் போய் உட்கார ஒரு சின்ன மூலக்கூறு.
பிடி தளர்ந்தால் போதும்,
மிச்சத்தைப் பழைய மலிவு மருந்தே பார்த்துக்கொள்ளும்.
கணினி நாலாயிரம் காட்டியது.
பதினொன்று வாங்கக் காசிருந்தது.

'பிடியை விடச்செய்தல்' என்று
அறிக்கையில் எழுதும்போது கை நின்றது.
கப்பல் சீட்டைக் கையில் திணித்து
எங்கள் ஆட்களிடமும் அதைத்தான் சொன்னார்கள்.
கிருமி கிருமிதான், தெரியும்.
ஆனாலும் வரியை மாற்றினேன்:
'ஒட்டுதலைத் தடுத்தல்'.

விடியற்காலை கரண்ட் வந்தது.
ஊதாச் சாயம் ஊற்றினோம், கழுவினோம்.
ஒட்டியிருப்பது மட்டும் நிறம் வைத்துக்கொள்ளும்.
தில்ருக்ஷி தட்டை ஜன்னலுக்கு உயர்த்தினாள்.
ஊதா, ஊதா, கத்தரிப்பூ, ஊதா.
ஏழாவதின் வரிசையில்
மூன்று குழிகள் கழுநீர் வெளுப்பு.
நான்காவது ஊதா.
"ஆயெத் கரமு" என்றாள்.
திரும்பச் செய்வோம்.
அவள் கொட்டாவி எனக்கும் தொற்றியது.

ஹட்டன் பஸ்ஸில் மிச்சக்காசு நீட்டிய கண்டக்டர்
என் இடது சுண்டுவிரலைப் பார்த்தார்.
கையுறை எப்போது கிழிந்ததோ.
"எங்க புள்ள எலக்ஷன்?"
சோப்பு, ஸ்பிரிட், தேசிக்காய், எதற்கும் மசியவில்லை.
நாலு நாள் இருக்கும் அண்ணே, என்றேன்.

நாவலப்பிட்டியில் பத்து நிமிடம் நின்றது பஸ்.
பிளாஸ்கும் பாயுமாய் ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்கள் சிலர்.
முப்பத்தேழுக்கு இன்று காய்ச்சல் எத்தனை?
கேட்க எனக்கு அனுமதியில்லை.
இறங்கி ஒரு பிளேன்டீ குடித்தேன்.