மூன்றாம் முறை

தில்பர்க் கிடங்கில் பிப்ரவரி என்றால்
டிரெட்மில் அறுவடை.
புத்தாண்டுச் சபதம் ஆறு வாரம் தாங்கும்.
அட்டைப்பெட்டி அதுகூடத் தாங்காது.
ஏழாம் கதவில் லாரி பின்வாங்கும்போதே
உள்ளே ஏதோ ஒரு திருகு
கழன்று உருள்வது கேட்கும்.

என் வேலை துணியும் எண்ணெயும்.
கைப்பிடியில் வியர்வை உப்பு பூத்திருக்கும்;
சிலதில் உப்பே இருக்காது,
சட்டை மாட்டிய கொக்கியின் கீறல் மட்டும்.
மூடியைக் கழற்றினால்
உருளையில் சுற்றிய முடி:
நீளம், குட்டை, கொஞ்சம் பூனையுடையது.
கத்திமுனையால் கிள்ளி எடுப்பேன்.
முன்பின் தெரியாத வீடுகளின் மூலை அழுக்கு
என் நகக்கண்ணில் குடியிருக்கிறது.

பட்டையைத் தூக்கி
பதினைந்து மில்லி சிலிக்கோன்.
வலது திருகு கால் சுற்று.
பட்டை நடுவுக்கு வரும்வரை
அதோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், போலிஷில்.
டச்சு அதற்குப் புரிவதில்லை.

கடைசியில் திரை கேட்கும்:
எல்லாவற்றையும் அழிக்கவா?
மார்லூஸ், 81 கிலோ, இலக்கு 65.
அப்பா, மொத்தம் நானூறு மீட்டர்.
ஆம்.
ஒரு விரல் போதும்.

கடைசி எண்கள் 4471.
இது வருவது மூன்றாம் முறை.
மூன்று ஊர்,
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: சத்தம்.
போன இரண்டு தடவையும் தைஸ் ஏறி நடந்தான்.
ஆறடி நாலங்குலம்,
அடிக்கோல் வைத்துப் போட்ட நடை.
‘பழுதில்லை’ என்று எழுதிப்
பச்சை ஸ்டிக்கர் ஒட்டினான்.
“மனம் மாறியவர்களுக்கு
எதிலும் சத்தம் கேட்கும்” என்றான்.

இன்று அவன் பல் டாக்டரிடம்.
நான் ஏறினேன்.

பியாவிஸ்தோக்கில் ஒரு பனிப் படிக்கட்டு
என் இடது முழங்காலை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து
என் நடையில் ஒரு கால்புள்ளி உண்டு.
வேகம் மூன்று.
வலது கால், ஒன்றுமில்லை.
இடது கால்,
க்ரீச்.
இறங்கினேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன்.
க்ரீச்.

அவர்கள் பெயர்களை இந்த விரல்தான் அழித்தது.
ஆனாலும் அந்த மூவரையும் இப்போது தெரியும்போல் இருக்கிறது:
இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட ஒருவர்,
பக்கவாதத்திலிருந்து எழுந்த ஒருவர்,
இன்னொருவர் யாரோ,
என்னைப் போலவே
இடப்பக்கம் சாய்ந்து உலகத்தில் நிற்பவர்.
பொய் சொல்லவில்லை மூவரும்.

பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே,
இடது முன் மூலையில்,
ஒரு ரப்பர் வாஷர் இல்லை.
பிறந்த இடத்திலேயே மறந்துவிட்டார்கள்.
இருபது சென்ட் பெறாத சாமான்.

மூன்றாம் முறை வந்ததைப்
பிரித்து உதிரிபாகமாக்க வேண்டும், விதி அப்படி.
வாஷரை மாட்டினேன்.
பரிசோதித்தவர் என்ற இடத்தில்
முதன்முறையாக என் பெயர்: யுஸ்தினா.
குறிப்பு: நொண்டி நடந்து பார்த்தது, சத்தமில்லை.
கீறல் இருப்பதால் மஞ்சள் ஸ்டிக்கர்.

உன்னை யார் ஏறச் சொன்னது என்று
நாளை தைஸ் கேட்பான்.
கேட்கட்டும்.
ஏழாம் கதவில் அடுத்த லாரி
பீப் பீப் என்று பின்வாங்குகிறது.
அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது.